வண்டலியை வெளுத்த படம்

அந்தப் படத்தின் பேச்சை என் வண்டியில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுவேன். ஒரு தடவை அணைத்தும் இருக்கிறேன், அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். தீபாவளிக்கு டிவியில் போட்டார்கள். ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினேன். "இன்னாத்துக்கு இப்படிக் குதிக்கிற? படம்தானேபா?" என்றாள் என் மனைவி துர்காதேவி. படம்தானாம். தூ! இதில் இரண்டாம் பாகம் வேறு எடுக்கிறார்களாம். ஐந்து புத்தகத்தையும் ஒரே படத்தில் அடைத்துக் கொன்றாகிவிட்டது, இனி இரண்டாம் பாகத்தில் எதைக் கொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் ராமராஜன். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். பிள்ளையார்பாளையத்தில் தொடங்கி வாலாஜாபாத், தென்னேரி, சுங்குவார்சத்திரம் என்று பொறுக்கிக்கொண்டே போவேன். வண்டி பழசு. இன்ஜின் உள்ளேயே, என் இடது கைப் பக்கம், பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டு வைத்திருக்கிறேன். சூடு தாங்குகிறவர்கள் அதில் உட்காரலாம். அந்த இடத்தில் மூன்று வருஷமாக உட்கார்ந்து வந்தவள் ஷாரோன்.

தென்னேரிக்காரி. அவள் தாத்தா காலம் வரை ஊரான் வயலில்தான் வேலை. அப்பா கொத்தனார் ஆனார். அம்மா மேரி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். ஷாரோன் டிப்ளமோ முடித்துவிட்டு, கம்பெனியில் சர்க்யூட் பலகையில் மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிக்கிற இடத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய குரல். மைக் தேவையில்லை. கடைசி சீட்டில் தூங்குகிறவளையும் எழுப்பி உட்காரவைத்துவிடும்.

நல்ல கறுப்பு அவள். நானும் அந்த நிறம்தான், ஆனால் ஆம்பளைக்கு யார் கேட்கிறார்கள்? அவள் வந்த புதிதில் கம்பெனி ஆண்டுவிழாவில் குரூப் போட்டோ எடுத்தார்கள். "ஷாரோனை ஓரத்துல நிக்க வைங்கப்பா, இல்லாட்டி டபுள் ஃப்ளாஷ் போடணும்" என்று எவனோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அன்றைக்கே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நான் இங்கே எழுதமாட்டேன். என் பஸ்ஸிலும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேறென்ன செய்வாள்?

அந்தப் பெயரை ஒழித்தது 'மடைக்காவல்' என்கிற கதை. ஐந்து பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஊரெல்லாம் சின்னப் பசங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பஸ்ஸில் யாருக்கும் அவ்வளவு படிக்கப் பொறுமையில்லை. ஷாரோன் வாலாஜாபாத் நூலகத்திலிருந்து எடுத்து வந்து வீட்டில் படிப்பாள். ஒருநாள் வண்டியில் பாட்டுப் பெட்டி ரிப்பேர். எல்லாரும் முணுமுணுத்தபடி இருந்தார்கள். "நான் ஒரு கதை சொல்லட்டுமா?" என்று இன்ஜின் பெட்டி மேல் ஏறி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பாட்டுப் பெட்டியை நான் ரிப்பேரே செய்யவில்லை.

கதை ஏழு ஏரி உள்ள ஒரு நாட்டைப் பற்றியது. கண்ணாடி ராஜா என்று ஒரு மந்திரக்காரன். ஏரித் தண்ணீரையெல்லாம் கண்ணாடியாக உறையவைத்துவிடுவான். நாட்டை ஆளுகிற ராஜாவும் அரண்மனைக்காரர்களும் அதில் முகம் பார்த்து மயங்கிக் கிடப்பார்கள். கடைமடை வயல்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அந்தக் கண்ணாடிக்கு அடியில் முங்கிப் போய் மடையைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் வண்டலி. கடைமடைச் சேரியில் பிறந்தவள். ஏரி அடியில் கிடக்கும் வண்டல் மண்ணின் நிறம் என்பதால் அந்தப் பெயர். ஏரிக்குள் இருக்கிற பாம்புகள்கூட அவளுக்கு வழிவிடும், மண்தான் போகிறது என்று நினைத்து!

எனக்குப் புத்தகம் படிக்கிற வழக்கம் கிடையாது. நான் அந்தக் கதையை இடது காதால் மட்டும் கேட்டவன். திரும்பிப் பார்த்தால் லாரிக்காரன் அடித்துவிட்டுப் போய்விடுவான். பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் எனக்கு அந்த ஏழு ஏரியும் வாலாஜாபாத் ரோட்டிலேயே இருந்தன. கம்பெனி கேட் தெரிந்ததும் கதை நின்றுவிடும். அதனால் நான் கொஞ்சம் வேகமாகப் போனால் போதும், பின்னாலிருந்து கத்துவார்கள். "யோவ் ராமு, இன்னாபா அவசரம்? அவ தண்ணிக்குள்ள மூச்சுவிடாம கெடக்குறா, நீ பறக்குற!" என்பார் செல்லியம்மாள். கம்பெனியில் தரை துடைக்கிற அம்மா. என்னைவிட மூத்தவர், அதனால் வாய் நீளம்.

எப்போது மாறியது என்று தெரியாது. ஒருநாள் தென்னேரி நிறுத்தத்தில் ஷாரோன் ஏறும்போது யாரோ, "வண்டலி வந்துட்டாப்பா!" என்றார்கள். அவ்வளவுதான், அதுவே நிலைத்துவிட்டது. கம்பெனிக்குள்ளும் பரவியது. நெசவுக் குடும்பத்துச் சங்கரி, புருஷன் சிவபாலன் தறியில், இவள் கம்பெனியில், தினமும் டிபன் டப்பாவில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டிவந்து, "வண்டலி, மொதல்ல சாப்புடு, அப்பறம் முங்கு" என்பாள். அடுத்த ஆண்டுவிழா போட்டோவில் ஷாரோனை நடுவில் உட்காரவைத்தார்கள். அந்தப் போட்டோவை அவள் போனில் முகப்பிலேயே வைத்திருந்தாள். நான் பார்த்திருக்கிறேன்.

நாலு பாகம் முடிந்தது. ஐந்தாவது பாக்கி. அப்போதுதான் படம் வருகிறது என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

இங்கேதான் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எல்லாரும் ஐந்தாவது பாகத்தைச் சொல்லச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தோம். அவளோ, "இருங்க இருங்க. படத்துல மொத பாகம் மட்டும்தான் இருக்கும். ஐஞ்சையும் ஒண்ணா எடுக்க யாருக்கு முடியும்? மொதல்ல எல்லாரும் வண்டலியைக் கண்ணால பாருங்க. ஏரியைப் பாருங்க. அப்பறம் கடைசியைச் சொல்றேன். அந்தக் கடைசி இருக்குதே... சொல்லமாட்டேன் போங்க" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மொத்தப் பஸ்ஸுக்கும் அவளே டிக்கெட் ஏற்பாடு செய்தாள். கல்யாண வீட்டுக்கு அழைக்கிற மாதிரி ஒவ்வொருத்தரிடமும் போய் அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, நீலச் சேலையில் நேராகத் தியேட்டருக்கு வந்துவிட்டாள். சங்கரி அவள் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டாள். நான் அவளுக்குப் பின்வரிசை. எப்போதும் அவள் குரலை மட்டும் கேட்டு வந்தவனுக்கு அன்று அவள் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது.

வண்டலி வந்தாள். சீ! எங்கேயோ வடக்கேயிருந்து பிடித்து வந்த வெள்ளைத்தோல் பொண்ணு. அதன் மூஞ்சியில் கரியைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சும் கழுத்தோடு நின்றுபோனது. கையைத் தூக்கினால் அக்குள் பளபளவென்று வெள்ளை. கோடிக் கணக்கில் கொட்டி எடுக்கிறவனுக்கு அக்குள் வரை பூச மையில்லையா? தமிழ்நாட்டில் கறுப்பாக ஒரு பெண்கூடவா கிடைக்கவில்லை? என் வண்டியில் ஏறிப் பார்த்திருந்தால் எண்ணி எடுத்துப் போயிருக்கலாமே!

கதாநாயகனோடு ஒரு காமெடிக்காரன். புத்தகத்தில் அப்படி ஆளே கிடையாது. அவனுக்கு வேலையே வண்டலியைப் பார்த்து, "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்பதுதான். ஒவ்வொரு தடவையும் தியேட்டர் சிரித்தது. புத்தகத்தில் கடைமடை ஜனங்கள் கையோடு கை கோத்து ஏரிக்கரையைக் காவல் காப்பார்கள். படத்தில் அவர்கள் குடித்துவிட்டு ஆடினார்கள். புத்தகத்தில் மூன்றாம் பாகத்தில் வருகிற குயவன், தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவன், அவன்தான் படத்தில் கதாநாயகன். நடுக்கமாவது மண்ணாவது! யானை மேலிருந்து குதிக்கிறான், பாம்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பாடுகிறான். கடைசியில் மடையைத் திறப்பதும் அவன்தான்!

முதல் பாகம் மட்டும் என்றாளே, ஐந்தையும் அடைத்திருந்தார்கள். அது எங்களுக்கு இடைவேளைக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்தபோது ஷாரோன் எழுந்திருக்கப் பார்த்தாள். "எங்கடி போற? கிளைமாக்ஸ் வருது" என்று யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கிளைமாக்ஸ் என்னவென்றால், வண்டலி ஏரியில் விழுகிறாள். நீச்சல்குளம் மாதிரி நீலத் தண்ணீர். குயவன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறான். வந்தால், அவள் வெள்ளையாக இருக்கிறாள்! ஏரி தேவதை அவளுக்குக் கொடுத்த வரமாம். கரி எல்லாம் கரைந்து, உதட்டுச் சாயத்தோடு, ஈரச் சேலையில் பளிச்சென்று நிற்கிறாள். தியேட்டர் முழுக்க விசில். ராஜா அவளுக்குக் கிரீடம் வைக்கிறான். உடனே பனிமலையில் பாட்டு. முன்வரிசையில் அந்தப் பின்கழுத்து அசையவே இல்லை. கனகாம்பரம் மட்டும் ஒன்றிரண்டு உதிர்ந்து கிடந்தது.

வெளியே வந்ததும் சங்கரி, "இன்னா கர்மம் இது? பாவு ஒருத்தர் வீட்ல, ஊடை ஒருத்தர் வீட்ல எடுத்து நெய்ஞ்சா மாதிரி இருக்குது" என்று காறித் துப்பினாள். ஷாரோன், "அவங்க ஏதோ எடுத்துட்டாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் பார்த்தாள். அப்போதுதான் அபிநயா, எங்கள் பஸ்ஸிலேயே சின்னவள், கெட்ட பெண்ணில்லை, வாய்தான் கெட்டது, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஷாரோன்கா, உங்க ஊர்லதான் அவ்ளோ பெரிய ஏரி இருக்குதே, நீயும் ஒரு முங்கு முங்கி எழுந்துடேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஷாரோனும் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். முன்பு அந்தப் பழைய பட்டப்பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாளே, அதே மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள். யாரும் கதை கேட்கவில்லை. எதற்குக் கேட்கப்போகிறார்கள்? கடைசியைத்தான் பார்த்தாயிற்றே! போன்களில் அந்தப் பனிமலைப் பாட்டு. தினமும் தென்னேரி நிறுத்தத்தில் அவள் ஏறும்போது எவளாவது, "இன்னிக்கும் முங்கலியா?" என்பாள். பிறகு "முங்காத வண்டலி" ஆனாள். அப்புறம் கம்பெனியில் ஆம்பளைப் பசங்கள் வண்டலியையும் விட்டுவிட்டு, பழையதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் கேட் பக்கத்தில் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷம் அவள் வாய் வலிக்கச் சொன்ன கதையை மூன்று மணி நேரத்தில் துடைத்துப் போட்டுவிட்டான்களே, நாசமாய்ப் போகிறவன்கள்!

எனக்கும் வேறொரு சித்திரவதை. ரோட்டில் போகும்போது பழைய பழக்கத்தில் வண்டலியை நினைப்பேன். முன்பெல்லாம் அவளுக்கு ஷாரோன் முகம்தான் இருந்தது. குரல் அவளுடையது, முகமும் அவளுடையதாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? இப்போது நினைத்தால் அந்தக் கரி பூசினவள் வந்து நிற்கிறாள். போ என்றால் போகமாட்டேன் என்கிறாள்.

அப்புறம் ஒரு காலை. தென்னேரிக் கரை ஓரம் நிறுத்தினேன். ஏரி நிறைந்து கிடந்தது. ஷாரோன் ஏறினாள். அபிநயா காதில் மாட்டியிருந்ததைக்கூடக் கழற்றாமல், "இன்னாக்கா, இவ்ளோ தண்ணி இருக்குது, இன்னிக்காவது முங்கினியா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். எழுந்து பின்னால் திரும்பி நின்றேன்.

"எல்லாரும் எறங்குங்க."

"இன்னாண்ணா ஆச்சு? பஞ்சரா?"

"பஞ்சர் இல்ல. எறங்கி அதோ அந்த ஏரியில போய் முங்கிட்டு வாங்க. ஒவ்வொருத்தரா. வெளுத்து வர்றவங்க மட்டும் வண்டியில ஏறலாம். மத்தவங்க நடந்து போங்க. நானும் முங்கறேன். நான் வெளுத்தா வண்டி ஓட்றேன், இல்லாட்டி இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

அபிநயாவின் காதிலிருந்து பாட்டு மட்டும் கொசு மாதிரிக் கேட்டது. அந்த வண்டியில் வெள்ளை என்று சொல்ல ஒருத்திகூடக் கிடையாது. அது அவர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது போல.

ஆனால் என்னைத் திட்டினது யார் தெரியுமா? ஷாரோன்தான். கடைசி சீட்டுக்குப் போனவள் விறுவிறுவென்று முன்னால் வந்தாள். "உக்காருங்கண்ணா. உங்களை யாராவது கேட்டாங்களா? அவங்க சொன்னா ஒரு வார்த்தையோட போச்சு. நீங்க பஸ்ஸை நிறுத்தி, என்னை நடுவுல வெச்சு, என் தோலைப் பத்தி பஞ்சாயத்து நடத்துறீங்க! வண்டியை எடுங்க, பஞ்ச் பண்ண லேட்டாகுது."

உட்கார்ந்தேன். வண்டியை எடுத்தேன். நான் செய்தது தப்பா சரியா என்று நீங்களே சொல்லுங்கள், எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அவள் திரும்பிப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. இன்ஜின் பெட்டி மேல் ஏறி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

"கடைசி பாகம் சொல்றேன். வேணும்னா கேளுங்க, வேணாம்னா பாட்டு கேளுங்க" என்றாள்.

"அதான் பாத்துட்டமேமா" என்றது ஒரு குரல்.

"நீங்க பாத்தது வேற."

சொன்னாள். முன்பு மாதிரி கையை ஆட்டி, பாம்பு மாதிரிச் சீறி எல்லாம் சொல்லவில்லை. பரீட்சைப் பேப்பர் படிக்கிற குரலில், வேகமாக. பாதி வழியில் அபிநயா காதில் இருந்ததைக் கழற்றினாள், கண்ணாடியில் பார்த்தேன். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் வண்டலி கடைசி ஏரியில் முங்கினாள்.

"உள்ள போனா. மடை திறந்துச்சு. அவ மேல வரலை."

"அப்பறம்?" என்றார் செல்லியம்மாள்.

"தண்ணி வந்துச்சு. கறுப்புத் தண்ணி. அடியில எத்தினியோ காலமா கெடந்த வண்டல் பூரா கிளம்பி வந்துச்சு. கடைமடை வரைக்கும் ஓடுச்சு. தண்ணி வடிஞ்சதும் பாத்தா வயல் எல்லாம் கருகருன்னு இருக்குது. ஜனங்க எறங்கி அதை அள்ளி மூஞ்சில பூசிக்கினாங்க. கழுத்துல, கையில, கைக்கொழந்தைங்களுக்குக்கூட. ராஜா வந்தான். கிரீடத்தைக் கழட்டி வெச்சுட்டு அவனும் குனிஞ்சு அள்ளிப் பூசிக்கினான். அதுலேருந்து வருசா வருசம் அந்த நாள்ல அந்த நாட்ல எல்லாரும் வண்டலி நெறத்துல இருப்பாங்க. யாரு அரமனைக்காரங்க, யாரு கடைமடைக்காரங்கன்னு யாருக்கும் தெரியாது. அவ்ளோதான். முடிஞ்சுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குத் தியேட்டரில் வண்டலி வெள்ளையாக எழுந்து வந்தபோது, ஊரே விசிலடித்தபோது, இந்தப் பெண் இந்தக் கடைசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கென்று எடுத்துவைத்தது. புத்தகம் எழுதினவர் எந்த இடத்தில் உலகத்தையே கறுப்பாக்கினாரோ, சரியாக அந்த இடத்தில் வண்டலியைச் சோப்புப் போட்டுக் கழுவி நிறுத்தியிருக்கிறான்கள். தெரியாமல் செய்திருக்க முடியாது. படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான்கள். சீ, என்ன மனுஷன்களோ!

கம்பெனி கேட் வந்துவிட்டது. செல்லியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சங்கரி டிபன் டப்பாவை ஷாரோன் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அபிநயா கடைசியாக வந்தாள். அழுது மூஞ்சி வீங்கியிருந்தது. ஷாரோன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி, வண்டலிக்கா" என்றாள்.

ஷாரோன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஷாரோன்னு கூப்புடு, அபி. அந்தப் பேரைச் சொன்னா இனிமே எல்லாருக்கும் அந்த வெள்ளைக்காரிதான் ஞாபகம் வருவா. எனக்கே அவதான் வர்றா."

இறங்கிப் போய்விட்டாள். அதிலிருந்து என் வண்டியில் அவளை எல்லாரும் ஷாரோன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.